லவீனாவின் விடுமுறை வாசிப்பும் உங்கள் தலைவர் பதவியும்

குருநகர்,
செவ்வாய்க்கிழமை காலை.

வேளாங்கண்ணி மாதாவின் காலடியில் நேர்த்திக்கடன் முடித்துக்கொண்டிருக்கும் மதிப்புக்குரிய மச்சான் கிறிஸ்ரோபர் அவர்களுக்கு,

உங்கள் தங்கச்சி றெஜினாவின் கணவன் செபநாயகம், ஒரு காலை வாங்கிலும் மறு காலை நிலத்திலும் வைத்துக்கொண்டு பணிவோடு எழுதுவது. நாங்கள் மூவரும் கடவுள் துணையால் இருக்கிறோம். நீங்களும் மச்சாளும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்றும், கப்பலில் மச்சாளுக்குத் தலை சுற்றியிருக்காது என்றும் நம்புகிறேன். நீங்கள் விட்டுப்போன நாய் நன்றாகச் சாப்பிடுகிறது. வள்ளத்துக்கு ஒன்றுமில்லை. வீட்டுக்கூரைக்கும் ஒன்றுமில்லை. கடற்றொழிலாளர் சங்கத்தில் உங்களுடைய தலைவர் பதவிக்கு மட்டும் சின்னதாக ஒன்று நடந்துவிட்டது. அதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு வரியில் சொன்னால் நீங்கள் நேர்த்தியை அரைவாசியில் விட்டுவிட்டு அடுத்த கப்பலில் ஏறிவிடுவீர்கள். ஆகவே முதலில் இருந்து சொல்லுகிறேன். போனில் சொல்ல மூன்று தரம் எடுத்தேன். மூன்று தரமும் உங்கள் குரல் கேட்டவுடன் நாயின் சுகத்தைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். இவன் ஏன் நாயைப் பற்றியே கதைக்கிறான் என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். காரணம் இதுதான்.

உங்கள் மருமகள், எங்கள் மகள் லவீனா உயர்தரத்தில் வரலாறும் அரசியல் விஞ்ஞானமும் படிக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். ஓகஸ்ற் விடுமுறை விட்டபோது அந்த இரண்டு பாடத்தையும் படிப்பிக்கும் அருந்ததி ரீச்சர், விடுமுறையில் வாசிக்கச் சொல்லி ஐந்து புத்தகங்களின் பட்டியல் கொடுத்திருக்கிறார். பள்ளிக்கூடம் தொடங்கியதும் ஒவ்வொரு பிள்ளையும் தான் வாசித்ததைப் பற்றி வகுப்புக்கு முன்னால் நின்று பத்து நிமிடம் பேச வேண்டும். நூலகத்தில் இரண்டு புத்தகம் கிடைத்தது. மற்ற மூன்றையும் ரீச்சர் நீர்வேலியில் உள்ள தன் வீட்டு அலுமாரியில் இருந்து எடுத்துவந்து லவீனாவின் கையில் கொடுத்தார். பிள்ளை அவற்றுக்கு உறை போட்டு, பெயர் எழுதாமல், பூப்போல வைத்திருந்தாள். விடுமுறையின் இரண்டாம் நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் கொப்பளிப்பான் அம்மை. உடம்பெல்லாம் போட்டது போதாதென்று கண் இமையிலும் இரண்டு போட்டு, கண் சிவந்து வீங்கிவிட்டது. டொக்டர் பார்த்துவிட்டு, இரண்டு கிழமைக்குப் புத்தகமும் கூடாது, போனும் கூடாது, கண்ணை மூடிக்கொண்டு கிடக்கட்டும் என்றார். வீட்டுக்கு வந்து அழுதாள். உடம்பு அரித்துக் கடிக்கிறதோ என்று கேட்டேன்.

"கடிக்கு இல்லை அப்பா. ரீச்சர் தன்ரை சொந்தப் புத்தகத்தை வேறை ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. எனக்குத்தான் தந்தவா. வாசிக்காமல் போய் அவவின்ரை முகத்திலை என்னெண்டு முழிக்கிறது?"

வாசித்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். றெஜினா காலையில் நண்டு உடைக்கப் போனால் பின்னேரம்தான் வருவாள். மிச்சம் நான். நீங்கள் கப்பலேறிய மறுநாள் எனக்குத் திருக்கை முள் குத்தியது அல்லவா? கால் வீங்கி, நான் தொழிலுக்குப் போகாமல் கிடந்தேன். அப்படியாக எங்கள் விறாந்தையில் ஒரு பக்கம் கண்ணை மூடிக்கொண்டு மகள், மறுபக்கம் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தகப்பன், நடுவில் ஐந்து புத்தகம். நான் கடைசியாகப் புத்தகம் பிடித்தது எப்போது என்று உங்களுக்கே தெரியும். நான் ஓ.எல். எழுத வேண்டிய வருஷம் இடம்பெயர்ந்து போய்ச் சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறு மாதம் இருந்தேன். வகுப்பறைக்குள் அடுப்பு மூட்டிக் குடியிருந்தேனே தவிரப் படிக்கவில்லை. திரும்பி வந்தபோது புத்தகமும் இல்லை, படிக்கிற வயதும் இல்லை. நீங்கள்தான் என்னை உங்கள் வள்ளத்தில் ஏற்றினீர்கள். பிறகு தங்கச்சியையும் தந்தீர்கள். அதை நினைக்கும்போது இந்தப் பேனை நகரமாட்டேன் என்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

முதல் புத்தகம் அரசாங்கங்களின் வகைகளைப் பற்றியது. கோயிலில் வாசகம் வாசிப்பதைத் தவிர வேறு விதமாக வாசிக்க எனக்குத் தெரியாதபடியால், ஒவ்வொரு பந்தியும் முடிந்ததும் குரலைத் தாழ்த்தி நிறுத்தினேன். "அப்பா, நிப்பாட்டாமல் வாசியுங்கோ. இதுக்கு ஆமென் சொல்லத் தேவையில்லை" என்றாள். பதினாறாம் பக்கத்தில் 'வலு வேறாக்கம்' என்று ஒரு சொல் வந்தது. நாங்கள் வலு நல்லது, வலு கெட்டிக்காரன் என்று சொல்லுவதுபோல, ஏதோ வலு வேறாக ஆக்குவதாக்கும் என்று நினைத்து இரண்டு பக்கம் வாசித்துவிட்டேன். அவள் கண்ணைத் திறக்காமலே சிரித்து, பிறகு விளங்கப்படுத்தினாள். சட்டம் செய்கிறவர் ஒருவர், அதை நடத்துகிறவர் ஒருவர், பிழை சரி பார்க்கிறவர் ஒருவர் என்று அதிகாரத்தை மூன்றாகப் பிரித்து வைப்பதாம். மூன்றும் ஒரே கையில் இருந்தால் அது கொடுங்கோன்மையாம். எனக்கு உடனே எங்கள் வீடு விளங்கிவிட்டது. பின்னேரம் றெஜினா வந்து சோறு போடும்போது, இந்த வீட்டில் சட்டம் போடுவதும் நீ, நடத்துவதும் நீ, தண்டிப்பதும் நீ, புத்தகத்தின்படி இது பிழை என்று மரியாதையாகத்தான் சொன்னேன். அவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்பிடியே? அப்ப நாளைக்குச் சமையல் துறையையும் வேறாக்குவம். அதை நீங்கள் எடுங்கோ."

மறுநாள் ஒற்றைக் காலில் நின்று சமைத்தேன். நான்காம் அத்தியாயம் சுவாரசியமாக இருந்தபடியால் சோறு அடிப்பிடித்துப் பானை கரியாகிவிட்டது. அந்தச் சோற்றை மூவரும் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டோம். லவீனாவுக்கு மட்டும்தான் அதற்கு டொக்டர் சொன்ன காரணம் இருந்தது.

இரண்டாவது, வரலாற்றுப் புத்தகம். அதை வாசிக்கத் தொடங்கிய அன்று மதிலுக்கு அந்தப் பக்கத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த இன்னாசித்தம்பி அண்ணை, "தம்பி, கொஞ்சம் பிலத்து வாசி" என்று குரல் கொடுத்தார். எழுபத்திரண்டு வயதில் அவருக்கு என்ன ஆசை என்று நினைத்துப் பலமாக வாசித்தேன். அடுத்த நாள் அவரோடு நாலுபேர் வந்து வலையை மதிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்கள். அரசர்கள் வந்தார்கள், போர்த்துக்கேயர் வந்தார்கள், ஒல்லாந்தர் வந்தார்கள். முந்நூறு பக்கம் தாண்டியபிறகு இன்னாசித்தம்பி அண்ணை கேட்டார்.

"தம்பி, எங்கடை ஆக்கள் எப்ப வருவினம்?"

நான் திரும்பிப் பார்த்தேன். மூன்று இடத்தில் வந்திருந்தோம். இரண்டு இடத்தில் அரசனைத் தோணியில் ஏற்றி அக்கரையில் விட்டிருந்தோம். ஒரு இடத்தில் வரி கட்டியிருந்தோம். அதைச் சொன்னேன்.

"மிச்ச நேரம் எங்கை நிண்டவையாம்?"

"கடலுக்கைதான் நிண்டிருப்பினம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் லவீனா சிரிக்கவில்லை. கண்ணை மூடியபடியே, "எழுதுற ஆக்கள் கரையிலை நிண்டிருக்கினம்" என்றாள். நான் அந்த மூன்று இடத்தையும் திரும்ப ஒருக்கால் பலமாக வாசித்தேன்.

இனித்தான் விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாம் புத்தகத்தில் பதவிக்காலம், கூட்டம் நடத்த எத்தனை பேர் வேண்டும் என்ற கூட்டநடப்பெண், இரகசிய வாக்கு என்று ஒரு பெரிய அத்தியாயம். ஒரு நாட்டின் தலைவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் குறித்த காலத்துக்குப் பிறகு சனத்திடம் திரும்பப் போய்க் கேட்கத்தான் வேண்டும் என்று அதில் இருந்தது. நான் அதை வாசிக்கும்போது உங்களை நினைக்கவே இல்லை, மாதா அறிய. ஆனால் மதிலுக்கு அந்தப் பக்கத்தில் இருந்து, "எங்கடை சங்கத்திலையும் உது இருக்கோ?" என்று இன்னாசித்தம்பி அண்ணை கேட்டார். லவீனா, "யாப்பு எண்டு ஒண்டு இருந்தால் அதிலை இருக்கும்" என்றாள். சங்கத்தின் விதிகள் எழுதிய அந்த யாப்பை யாரும் கண்டதில்லை. அண்ணை எழுந்து போனார். அரை மணித்தியாலத்தில், சங்கக் கட்டடத்தில் திருநாள் கொடிகள் வைக்கும் அலுமாரியின் அடித்தட்டில் இருந்து அதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். முதல் நாலு விதியையும் கறையான் தின்றிருந்தது. ஐந்தாம் விதியில் இருந்து வாசித்தேன். தலைவர் ஒவ்வொரு வருஷமும் இரகசிய வாக்கால் தெரிவு செய்யப்பட வேண்டும். ஆறாம் விதி, கடலை நம்பிச் சீவிக்கும் பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட எவரும், ஆணாயினும் பெண்ணாயினும், உறுப்பினராகி வாக்குப் போடலாம். மச்சான், பதினான்கு வருஷம் நாங்கள் பொதுக்கூட்டத்தில் கையைத் தட்டிப் 'பழைய நிர்வாகமே தொடரும்' என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் குடித்தோம். பெண்கள் சந்தா கட்டிவிட்டு வெளியே நின்று தேத்தண்ணீர் ஊற்றினார்கள். அது பிழை என்று எனக்கோ உங்களுக்கோ தெரியாது.

பொதுக்கூட்டம் போன ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு. 'நீ உபதலைவர்தானே, நடத்திவிடு, பதினைந்து நிமிஷ வேலை' என்று நீங்கள் போகும்போது சொன்னீர்கள். நான் காலை ஒரு கதிரையிலும் என்னை இன்னொரு கதிரையிலும் வைத்துக்கொண்டு கூட்டத்தைத் தொடக்கினேன். வழமைபோல, பழைய நிர்வாகமே தொடரும் என்று சொல்ல வாயைத் திறக்கிறேன், இன்னாசித்தம்பி அண்ணை யாப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழும்பிவிட்டார். கைதட்டுவதற்காகத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன. அண்ணை ஐந்தாம் விதியை என்னைக் கொண்டே வாசிப்பித்தார். வாசித்து முடிக்க, வாசலில் நின்ற றொசாந்தி, உங்களுக்குத் தெரியும், றெஜினாவோடு நண்டு உடைக்கிற பிள்ளை, "அடுத்ததையும் வாசியுங்கோ அண்ணை" என்றாள். ஆறாம் விதியையும் வாசித்தேன். நான் கடைசிச் சொல்லை முடிக்கவில்லை, பெண்கள் உள்ளே வந்துவிட்டார்கள். ஐம்பது பேருக்குக் குறையாது. கதிரை காணாது. எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக எழும்பி இடம் விட்டார்கள். அதைப் பார்க்க, பொய் சொல்லக்கூடாது, வடிவாகத்தான் இருந்தது.

நான் கூட்டத்தைத் தள்ளிவைக்கப் பார்த்தேன் மச்சான். தலைவர் நாட்டில் இல்லை, அவர் வந்தபிறகு பார்ப்போம் என்று மூன்று தரம் சொன்னேன். அவர் இல்லாவிட்டாலும் அவர் பெயரைப் போடலாம், யாப்பில் தடையில்லை என்றார்கள். போட்டேன். நானே உங்கள் பெயரை முன்மொழிந்தேன். பின்னாலிருந்து யாரோ ஒரு மொக்கன் என் பெயரைக் கத்தினான். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டும் அதை எழுதிவிட்டார்கள். அப்போது இன்னாசித்தம்பி அண்ணை, "றெஜினா" என்றார். எந்த றெஜினா என்று நான் கேட்டேன். உண்மையாகவே கேட்டேன். எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். உங்கள் தங்கச்சி ஒரு கையில் தேத்தண்ணீர்க் கேத்திலோடு நின்றாள்.

"எனக்குக் கூட்டத்திலை கதைக்கத் தெரியாது" என்றாள்.

றொசாந்தி திரும்பினாள். "அக்கா, மீன் ஏலம் கூறுற இடத்திலை எங்களுக்கு ஒரு கழிப்பறை வேணுமெண்டு எத்தினை வருஷமாய் வெளியிலை நிண்டு கதைக்கிறம்? அதை உள்ளுக்கை நிண்டு கதையுங்கோ. அவ்வளவுதான்."

றெஜினா கேத்திலை யன்னலில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். பிஸ்கற் ரின்னில் ஓட்டை போட்டு வாக்குப்பெட்டி செய்தோம். உங்களுக்கு நாற்பத்தொன்று. றெஜினாவுக்கு ஐம்பத்தெட்டு. எனக்கு ஒன்று. என் வாக்கை நான் உங்களுக்குத்தான் போட்டேன், இது சத்தியம். எனக்கு விழுந்த அந்த ஒன்று யாருடையது என்று வீட்டுக்கு வந்து றெஜினாவிடம் கேட்டேன். "இரகசிய வாக்கு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆகவே மச்சான், ஒரு வரியில் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்லுகிறேன். சங்கத்தின் தலைவர் இப்போது நீங்கள் இல்லை. உங்கள் தங்கச்சி. நான் பழையபடி உபதலைவர், அத்தோடு தேத்தண்ணீரும் என் பொறுப்பு. அந்தக் கழிப்பறை விஷயத்தில் உங்கள் பிழை ஒன்றுமில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசியாக வைத்து, நேரம் போதாமல் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளியது நாங்கள் எல்லோரும். நேற்றுத் திங்கட்கிழமை றெஜினா ஏழு பெண்களோடு மாநகர சபைக் கந்தோருக்குப் போய் விண்ணப்பம் கொடுத்துவிட்டு வந்தாள். வெள்ளிக்கிழமை இடம் பார்க்க ஆள் வருகிறதாம். வந்து எனக்குப் பக்கத்தில் இருந்து, அங்கே கதைத்ததை முதலில் இருந்து கடைசிவரை இரண்டு தரம் சொன்னாள். கலியாணம் செய்து இருபது வருஷத்தில் அவள் ஒன்றை இரண்டு தரம் சொல்லி நான் கேட்டதில்லை. நான் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன்.

லவீனாவுக்குக் கண் சுகம். கொப்பளிப்பான் காய்ந்துவிட்டது. ஐந்தில் மூன்றுதான் முடிந்தது, அதைச் சொல்லி ரீச்சரிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறாள். நாலாவதை நான் இப்போது எனக்காக வாசிக்கிறேன், வாய்க்குள். உங்கள் கோபம் நியாயமானது. என்னை வள்ளத்தில் ஏற்றிய கையாலேயே நீங்கள் என்னை அடித்தாலும் நான் வாங்கத் தயார். நீங்கள் வந்திறங்கும் நாளில் காங்கேசன்துறைக்கு நானே வந்து நிற்பேன். கால் ஆறியிருக்கும், ஓடமாட்டேன். ஒரே ஒரு வேண்டுகோள், என்னோடு கதைக்காமல் மட்டும் விட்டுவிடாதேங்கோ. மற்றது எதுவென்றாலும் தாங்குவேன்.

மாதா உங்கள் இருவரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். மச்சாளின் முழங்காலுக்காக நாங்கள் இங்கே செபிக்கிறோம், எங்கள் வீட்டுச் சமாதானத்துக்காக நீங்கள் அங்கே ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கள். வியாழக்கிழமைக் கப்பலில் வரும் ஸ்ரெல்லா அக்காவின் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்து விடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மன்னிப்பை எதிர்பார்த்து நிற்கும் மச்சான்,
செபநாயகம்.

பி.கு.: கடிதத்தை வாங்க ஸ்ரெல்லா அக்கா இப்போதுதான் வந்தார். கிறிஸ்ரோபருக்கு என்ன இவ்வளவு தடிப்பாக எழுதியிருக்கிறாய் என்று கேட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அவர் ஞாயிற்றுக்கிழமையே போன் எடுத்து, தங்கச்சி வெண்டிட்டாளோ எண்டு என்னட்டைக் கேட்டவர்" என்றார். குசினிக்குள் இருந்த றெஜினாவைக் கூப்பிட்டேன். அவள் வரவில்லை, அங்கிருந்தே சொன்னாள். நீங்கள் புறப்பட்ட அன்று காங்கேசன்துறையில் நான் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு முன்னுக்குப் போக, நீங்கள் பின்னுக்கு நின்று, "நான் களைச்சுப்போனன். இந்தமுறை தலைவருக்கு நீ நில். நான் கையிலை தூக்கிக் குடுத்தால் தங்கச்சிக்குக் குடுத்ததெண்டு கதைப்பினம், சனம் போடட்டும்" என்றீர்களாம். இன்னாசித்தம்பி அண்ணைக்கும் எல்லாவற்றையும் சொல்லி, யாப்பு எந்தத் தட்டில் கிடக்கிறது என்றுகூடச் சொல்லிவிட்டுத்தான் கப்பலேறினீர்களாம். எனக்கு மட்டும் சொல்லக்கூடாது என்றீர்களாம், என் முகத்தில் எல்லாம் தெரிந்துவிடுமாம். ஆகவே மேலே நான் எழுதியது ஒன்றையும் நீங்கள் வாசிக்கத் தேவையில்லை. ஆனால் பதவியை விடச் சொல்லி இவ்வளவு வருஷத்தில் தன்னை ஒருத்தரும் கேட்கவில்லை என்றும் அவளிடம் சொன்னீர்களாம். ஒரே வள்ளத்தில் எதிரெதிரே இருந்த நானும் கேட்கவில்லை. மேலே பல இடத்தில் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அவ்வளவையும் எடுத்து, கேட்காமல் விட்ட இதற்கு வைத்துக்கொள்ளுங்கள் மச்சான். ஆறுதலாக வாருங்கள்.